கரி தீர்ந்துபோச்சு... ஆனா ஃப்ளைட் நிக்கல!

பொதுமக்கள் டிக்கெட் எடுத்துப் போகக்கூடிய ஏர்போர்ட்களில் உலகத்தின் வடகோடியில் இருப்பது எது தெரியுமா? நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள லாங்யர்பியன் ஏர்போர்ட். ஊரில் சுமார் 2,500 பேர்தான். 1906-ல் ஜான் மன்ரோ லாங்யர் என்ற அமெரிக்கர் நிலக்கரி வெட்டுவதற்காக உருவாக்கிய ஊர் இது.

அப்போ குளிர்காலம்னா கிட்டத்தட்ட சிறைவாசம்தான். கடல் உறைஞ்சதும் கப்பல் வராது. அடுத்த கப்பல் கோடையில்தான். நடுவுல கடிதமெல்லாம் விமானப்படை விமானத்திலிருந்து கீழே போடப்பட்டது. 1959-ல் இருந்து, பக்கத்துப் பள்ளத்தாக்கின் உறைந்த தரையில் விமானங்கள் இறங்க ஆரம்பித்தன. பனி உருகினா அதுவும் கட்.

நிரந்தர ரன்வே போட நினைத்தால் சோவியத் யூனியன் முகம் சுளித்தது. அங்கே அவர்களுக்கும் சுரங்கங்கள் இருந்தன. ராணுவத்துக்குப் பயன்படுத்திடுவாங்களோன்னு பயம். கடைசியில் ஏரோஃப்ளாட் ஊழியர்களும் அங்கேயே தங்கலாம் என்று சமாதானம் ஆனது. 1975-ல் மன்னர் ஐந்தாம் ஓலாவ் திறந்துவைத்தார்.

இன்றைக்கு அந்த ஊருக்கு உயிர்நாடியே இந்த ஏர்போர்ட்தான். உள்ளூர் ஆஸ்பத்திரி சின்னது. கர்ப்பிணிகள் பிரசவத் தேதிக்கு சில வாரங்கள் முன்னாடியே விமானம் ஏறி நார்வேக்குப் போயிடணும். சீரியஸான நோயாளிகளுக்கும் அதே வழிதான். நம்ம இந்திய விஞ்ஞானிகளும் இங்கே வந்திறங்கி, குட்டி விமானத்தில் நி-ஒலெசுண்டுக்குப் போகிறார்கள். 2008 முதல் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இருப்பது அங்கேதான். அதுவும் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்!

போற ஆசை இருக்கா? ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை. உடனே சந்தோஷப்படாதீங்க. நார்வே வழியாத்தான் போகணும், அந்தத் தீவுகளோ ஷெங்கன் எல்லைக்கு வெளியே. அதனால திரும்பி வரவும் சேர்த்து, இரண்டு முறை நுழையக்கூடிய ஷெங்கன் விசா எடுக்கணும். ஊர் எல்லையைத் தாண்டினா பனிக்கரடி எச்சரிக்கைப் பலகை வேற வரவேற்கும்.

2025 ஜூனில் அங்கிருந்த கடைசி நார்வே நிலக்கரிச் சுரங்கமான 'ஏழாம் எண் சுரங்கம்' மூடப்பட்டது. இப்போ விமானத்தில் வருவது டூரிஸ்ட்டுகளும் ஆராய்ச்சியாளர்களும்தான். ரன்வேக்குத்தான் புதுத் தலைவலி: அது நிற்பதே நிரந்தரமாக உறைந்த மண் மேலே. வெயில் கூடக் கூட மேல்மண் இளகுது, தளம் மேடு பள்ளமாகுது. ஒட்டுப்போடும் வேலை ஓயவே மாட்டேங்குது.