வழிநூலே மூலமாய் நின்றபோது: டெரன்ஸ் டிக்ஸின் நாவலாக்கப் பணி

தொலைக்காட்சியில் வந்த கதையை நாவலாக்கித் தருபவரை இலக்கிய வரலாறு ஆசிரியராக மதிப்பதில்லை. கதை ஒருவருடையது, பாத்திரங்கள் நிலையத்துக்கு உரிமையானவை, பக்க அளவும் கெடுவும் பதிப்பாளர் விதித்தவை. இவற்றுக்கு உட்பட்டு எழுதுவது ஜீவனோபாயமேயன்றிப் படைப்பாகாது என்பது விமர்சகர் பலரின் அபிப்பிராயம். பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொடரின் கதைகளில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை நாவல்களாக்கிய டெரன்ஸ் டிக்ஸின் பணியை ஊன்றி நோக்குவார்க்கு இந்த அபிப்பிராயம் நிலைபெறாது என்பது என் துணிபு.

நூலை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்திய நன்னூலார், முன்னோர் முடிபோடு ஒத்து நின்று தான் வேண்டும் விகற்பத்தைக் கூறுவதே வழிநூல் என்றார். டிக்ஸின் நூல்களை அளக்க இதைக் காட்டிலும் நேரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

1935இல் லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் பிறந்து, இலக்கிய விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ் ஆசிரியராக விளங்கிய கேம்பிரிட்ஜ் டௌனிங் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்து, 1968இல் அத்தொடரின் கதைப் பிரிவில் சேர்ந்தவர் டிக்ஸ்; 1974 வரை பிறர் எழுதிய கதைகளைச் செப்பனிடுவதே அவர் உத்தியோகம். 1973இல் டார்கெட் பதிப்பகம் அறுபதுகளில் வெளிவந்த மூன்று ‘டாக்டர் ஹூ’ நாவல்களை மறுபதிப்பிட்டு, அவை விற்பனையானதும் புதியன வேண்டியபோது, ராபர்ட் ஹோம்ஸின் 1970ஆம் ஆண்டுக் கதையை டிக்ஸ் ‘ஆட்டன் இன்வேஷன்’ என்ற நாவலாக்கினார். அது 1974 ஜனவரியில் வந்தது.

அந்த முதல் நூலிலேயே விகற்பம் தெரிகிறது. தொடரின் முந்தைய நிகழ்ச்சியை அறியாத சிறுவனும் இடர்ப்படாவண்ணம், கதாநாயகன் தன் இனத்தாரால் பூமிக்கு நாடுகடத்தப்பட்ட வரலாற்றை ஒரு முன்னுரை அத்தியாயமாக வைத்தார். இறுதியில் தோன்றும் அசுரப் பிராணியாகத் திரையில் சில ரப்பர்க் கரங்களைக் காட்டவே நிலையத்துக்குப் பொருள் இருந்தது. காகிதத்துக்கு அந்தத் தரித்திரம் இல்லையாதலால், அவர் அதன் முழு உருவத்தையும் எழுப்பிக் காட்டினார். 1977இல் அவர் நாவலாக்கிய, தாலெக்குகள் என்னும் வேற்றுலகப் பகைவர் பூமியைக் கைப்பற்றிய கதையின் முதல் வாக்கியம், ஒரே சொல்லை இருமுறை ஆண்டு, பாழான நகரையும் பாழான மனிதனையும் ஒருசேர நிறுத்திவிடுகிறது. லீவிஸின் கல்லூரியில் பயின்ற செவி அதில் கேட்கிறது என்றே கருதுகிறேன்.

எனினும் அவர் பணியின் உண்மையான ஸ்தானத்தை நிர்ணயித்தது நடையன்று, காலமே. வீட்டில் படத்தைப் பதிந்து வைக்கும் வசதி அன்று அநேகருக்கில்லை. மறு ஒளிபரப்போ அரிது. அத்தொடரின் முதல் வீடியோ ஒளிநாடா கடைக்கு வந்ததே 1983இல்தான். போதாக்குறைக்கு, பழைய நாடாக்களால் இனிப் பயனில்லை என்று கருதிய பி.பி.சி. அவற்றுள் பலவற்றை அழித்துவிட்டது. 1968இல் ஒளிபரப்பாகிய ‘வெப் ஆஃப் ஃபியர்’ கதையின் ஆறு பகுதிகளில் ஒன்றே எஞ்சியிருந்தது. நைஜீரியாவில் கிடைத்த மேலும் நான்கு பகுதிகள் 2013இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தன. இடைப்பட்ட காலமெல்லாம் அக்கதையை முழுமையாய்ச் சொல்லிவந்தது டிக்ஸ் 1976இல் எழுதிய நாவல். முதல்நூல் மறைய, வழிநூலே மூலமாய் நின்று கதையைக் காத்தது. காப்பியடித்தவர் என்று இகழப்பட்ட ஒருவரின் கையிலிருந்து ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அக்கதையை ஏற்றுக்கொண்டனர்; பலருக்கு இந்நூல்களே வாசிப்புப் பழக்கத்தின் வாயிலாகவும் அமைந்தன.

எழுபதுகளின் பிற்பகுதியில், இத்தொடர்க் கதைகளில் பெரும்பாலானவற்றை அவர் ஒருவரே நாவலாக்கிய காலத்தில், சில நூல்கள் மெலிந்துபோயின. உரையாடலை வரிசையாக அடுக்கி, ‘என்றான்’, ‘என்றாள்’ என்று முடிப்பதோடு நின்றவையும் உண்டு. இதை மறைப்பது ஆய்வாகாது. ஆயினும் எந்தச் சிறுவனும் வழிதவறாத தெளிவை அந்த மெலிந்த நூல்களிலும் அவர் கைவிடவில்லை.

டிக்ஸ் 2019இல் மறைந்தார். 2021இல் அவருடைய நாவல்களுள் பத்தை பி.பி.சி.யின் நூற்பதிப்புப் பிரிவு இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் இவருக்கு அடிக்குறிப்பு அன்று, தனி அத்தியாயமே ஒதுக்க வேண்டும்.