ஊர் பேர் இல்லாத வன்தட்டு

சென்ற வாரம், ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் அலைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கறுப்பு நெகிழி உறை, அதன்மேல் ‘4 டிபி’ என்றொரு ஒட்டுத்தாள். நிறுவனத்தின் பெயர் இல்லை. வரிசை எண் இல்லை. செய்த நாடும் இல்லை. “அக்கா, நாலாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். கம்பெனி ஹார்ட் டிஸ்க் இதைப்போல் இரண்டரை மடங்கு. வாங்கலாமா?” வேண்டாம் என்று உடனே பதில் அனுப்பிவிட்டேன். ஏன் என்று அவர் திருப்பிக் கேட்டபோதுதான் அதற்குச் சுருக்கமான விடை என்னிடம் இல்லை என்பது தெரிந்தது. அதைச் சொல்ல 1956இலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே இப்பதிவு நீளும்; பொறுத்துக்கொள்க.

அந்த ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்னும் கணினியோடு உலகின் முதல் வன்தட்டை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை, கொள்ளளவோ ஏறத்தாழ ஐந்து மெகாபைட். இன்று நம் அலைபேசி எடுக்கும் ஒற்றைப் படம் அதை நிறைத்துவிடும். அதை விலைக்கு வாங்கியவர்களை விட மாத வாடகைக்கு எடுத்தவர்களே மிகுதி. பழுதானால் ஐபிஎம்மின் ஆளே வந்து சரிசெய்வார். பெயரற்ற வன்தட்டு என்ற ஒன்றை அன்று கற்பனைகூடச் செய்திருக்க முடியாது. பொருளையும் செய்தவரையும் பிரிக்க வழியே இல்லாத காலம் அது.

பிரிவு 1980இல் நேர்ந்தது. பின்னாளில் சீகேட் என்று பெயர் மாறிய நிறுவனம், ஐந்தேகால் அங்குல அகலத்தில், ஐந்து மெகாபைட் கொள்ளளவில் ஒரு வன்தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எவர் செய்த கணினிப் பெட்டிக்குள்ளும் அதைப் பொருத்தலாம். வன்தட்டு அன்றுமுதல் ஓர் உதிரிபாகம். உதிரிபாகம் கைமாறும், கைமாறும்போது முகவரி உதிரும். வன்தட்டு செய்யும் தொழிலில் இதுவரை இறங்கிய நிறுவனங்கள் இருநூறுக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானவற்றின் பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை.

அவற்றுள் ஒன்றை மட்டும் மறக்க முடியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லாங்மாண்ட் என்னும் ஊரில் இயங்கிய மினிஸ்கிரைப். 1987இன் இறுதியில் இருப்புக் கணக்கெடுத்தபோது ஒரு கோடி டாலருக்கும் மேல் பெறுமானமுள்ள சரக்குக் குறைந்தது. கணக்கை நேர்செய்ய மேலாளர்கள் ஒரு வழி கண்டார்கள். செங்கற்களை வாங்கி, வன்தட்டுப் பெட்டிகளுக்குள் வைத்து ஒட்டி, அனுப்பப்பட்ட சரக்காக ஏட்டில் ஏற்றினார்கள். கழித்துப்போட்ட பழுதுத் தட்டுகளும் நல்ல சரக்காகப் பெட்டி மாறின. 1989இல் உண்மை வெளியானது, 1990இல் நிறுவனம் திவாலாகி மேக்ஸ்டரின் கைக்குப் போனது, தலைவர் தண்டிக்கப்பட்டார். இதை நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. பெயரும் முத்திரையும் உள்ள பெட்டிக்குள்ளேயே செங்கல் இருந்திருக்கிறது. பெயர் இருந்ததனால்தான் வழக்குத் தொடுக்க ஓர் ஆள் கிடைத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்தியாவுக்கு வருவோம். 1984 நவம்பரில் இராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை, கணினி, உதிரிபாகங்கள் ஆகியவற்றின் இறக்குமதித் தளைகளைத் தளர்த்தியது. முழுக் கணினியை வாங்க இயலாதவர்கள் உதிரிகளை வாங்கிக் கூட்டிக்கொண்டார்கள். தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, சென்னையில் ரிச்சி தெரு, புனேயில் புத்வார் பேட்டையின் தாப்கீர் கல்லி எல்லாம் திருப்புளியும் தாமும் கொண்டு ஒரு தலைமுறைக்குக் கணினி கொடுத்த தெருக்கள். ‘அசெம்பிள்டு’ என்ற சொல் தமிழ்நாட்டில் ஒரு பொருளின் பெயராகவே ஆகிவிட்டது: “எங்கள் வீட்டில் இருப்பது அசெம்பிள்டு.” கும்பகோணத்தில் என் மாமா நடத்திய டிடிபி நிலையத்தில் நின்றதும் அதுவே. அதன் உள்ளிருந்த வன்தட்டு எந்த நிறுவனத்தினுடையது என்று மாமாவுக்குத் தெரியாது. ரிச்சி தெருவில் அதைக் கொடுத்தவரின் பெயர் தெரியும், அவர் வீட்டுத் திருமணத்துக்கும் போய்வந்தார். அந்தத் தெருக்களில் ஆளின் பெயர் பொருளின் பெயரை ஈடுசெய்தது. இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

மொழியியல் படித்தவளாதலால் சந்தைச் சொற்களைக் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. ‘கம்பெனி பேக்’ என்றால் பெட்டியோடு வந்தது. ‘ஓஇஎம் பீஸ்’ என்றால் கணினி உற்பத்தியாளருக்கென்று பெட்டியின்றி வந்து, எப்படியோ கடைக்கு இறங்கியது. ‘ரீஃபர்ப்’ என்றால் யாரோ பயன்படுத்தியது, எவரோ துடைத்தது. புனேயில் இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மராத்திச் சொல் உண்டு: ‘சாலூ’. ஓடுகிறது என்பது ஒரு பொருள். சூதுவாது தெரிந்தவன் என்பது மற்றொன்று. மங்கள்வார் பேட்டைப் பக்கம் ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பாஜாரில், பழைய பூட்டுகளுக்கும் நாணயங்களுக்கும் நடுவே கிடக்கும் கணினிச் சாமான் ஒன்றைக் கையில் எடுத்தால், கடைக்காரர் அந்த ஒரு சொல்லைத்தான் உறுதிமொழியாகத் தருவார். எந்தப் பொருளில் சொல்கிறார் என்பது வீட்டுக்கு வந்தபின் விளங்கும்.

இனி என் மாணவ நண்பர் அறிய வேண்டிய செய்தி. ‘ஏதோ சீனாவில் பெயர் தெரியாத தொழிற்சாலை செய்திருக்கும்’ என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியொரு தொழிற்சாலை கிடையாது. சாம்சங்கின் வன்தட்டுப் பிரிவை 2011இன் இறுதியில் சீகேட் வாங்கியது; ஹிட்டாச்சியினுடையதை 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. தோஷிபாவையும் சேர்த்தால் மூன்றே நிறுவனங்கள். உலகில் இன்று புதிதாகச் செய்யப்படும் எந்த வன்தட்டும் இம்மூவரில் ஒருவரின் கூடத்தில்தான் பிறக்கிறது. எனவே பெயரில்லாத வன்தட்டு என்பது பெயர் வைக்கப்படாதது அன்று. பெயர் அகற்றப்பட்டது. அகற்றியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

காரணங்கள் பல. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் மூழ்கியபோது பாங் பா-இன் பகுதியிலிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைக்குள் நீர் புகுந்தது. சில வாரங்களில் வன்தட்டு விலை உலகெங்கும் எகிறியது. பல இடங்களில் இரட்டிப்பானது. பேக்பிளேஸ் என்னும் அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன் ஊழியர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் கடைகளுக்கு அனுப்பி, வீட்டுப் பயன்பாட்டுக்கான வெளிப்புற வன்தட்டுகளை வாங்கி, உறையை உடைத்து உள்ளிருப்பதை எடுத்துத் தன் நிலையத்தில் பொருத்தியது. உறை வேறு, உள்ளீடு வேறு என்பதைத் தொழில் உலகம் அன்று வெளிப்படையாகவே கற்றது. அவ்வாண்டின் இறுதியில் இரு பெரிய நிறுவனங்களும் பல வகைத் தட்டுகளுக்கு உத்தரவாதக் காலத்தைக் குறைத்தன.

2021இல் சியா என்ற மின்நாணயம் வந்தது. கணக்குப்போடும் திறனுக்குப் பதிலாக வன்தட்டின் காலியிடமே அதில் முதலீடு. பெருங்கொள்ளளவுத் தட்டுகளை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தவர்கள், நாணயத்தின் மதிப்புச் சரிந்ததும் அவற்றைத் தள்ளிவிட்டார்கள். அவற்றில் ஒரு பகுதி எங்கே போனது என்பது 2025 சனவரியில் தெரிந்தது. ஜெர்மனியில் ‘புதியது’ என்று விற்கப்பட்ட சீகேட் தட்டுகள் பல்லாயிரம் மணி நேரம், சில 50,000 மணி நேரம் வரை, ஓடித் தேய்ந்தவை என்று ஹைஸே இதழ் வெளிக்கொணர்ந்தது. ஐந்தரை ஆண்டுகளுக்கும் மேல் இடைவிடாமல் சுழன்ற தட்டு! அதே ஆண்டில் மலேசியாவில், கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கைச் சோதித்தபோது சுமார் 700 தட்டுகள் அகப்பட்டன. பழைய தட்டைத் துடைத்துப் புது ஒட்டுத்தாள் ஒட்டும் பட்டறை அது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவையான இடம். ஒவ்வொரு வன்தட்டும் தான் ஓடிய நேரத்தைத் தானே எழுதிவைக்கிறது. ஸ்மார்ட் என்று அந்தப் பதிவேட்டுக்குப் பெயர். ஏமாற்றுவோர் அதைச் சுழியமாக்கக் கற்றுவிட்டார்கள். சீகேட் தட்டுகளுக்குள் ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடும் உண்டு. அதை இவர்கள் தொடவில்லை. முன்னது ‘புதியது’ என்றது. பின்னது உண்மையைச் சொன்னது. இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து முரண்படும் இடத்தில் நிற்பது பாடபேத ஆய்வன்றி வேறென்ன?

தேய்ந்த தட்டாவது தட்டு. 2011இல் ரஷ்யாவிலிருந்து ஒரு செய்தி பரவியது. சீனாவில் மலிவாக வாங்கிய 500 ஜிபி வெளிப்புற வன்தட்டில் படங்களைப் பதிந்தால் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே ஓடுகின்றன என்று ஒருவர் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் 128 எம்பி கொள்ளளவுள்ள ஒரு சிறு நினைவகம். எடைக்கு இரண்டு திருகுமரைகள். இடம் தீர்ந்ததும் முதலிலிருந்து அழித்தெழுதும்படி அதைப் பழக்கியிருந்தார்கள். ‘நிறைந்துவிட்டது’ என்று ஒருபோதும் சொல்லாத வட்டு. லாங்மாண்டின் செங்கல் 24 ஆண்டுகளில் திருகுமரையாகச் சுருங்கியிருந்தது. திறமை மட்டும் கூடியிருந்தது.

இப்போது என் கதை. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏமாற்றியது அவர்தானா, அவருக்கும் மேலே உள்ளவரா என்பது எனக்கே தெரியாது. 2022இல் என் ஆய்வுக்காகத் தஞ்சாவூர் மராத்தியைப் பதிவுசெய்துவந்தேன். 1676இல் வெங்கோஜியோடு தொடங்கி 1855 வரை நீடித்த மராட்டியர் ஆட்சியில் தஞ்சைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் வீட்டு மொழி. தமிழ் ஏறிய மராத்தி. இளையோர் நாவில் வேகமாக அருகிவருவது. கும்பகோணத்தில் எண்பத்தாறு வயது மூதாட்டி ஒருவரிடம் மட்டும் 31 மணி நேரம் பதிந்திருந்தேன். புனே திரும்பியதும், உதவித்தொகை வந்து சேராத மாதம், பெயரில்லாத 2 டிபி தட்டு ஒன்றை வாங்கி அதில் கொட்டினேன். ஸ்மார்ட் பதிவேட்டில் ‘6 மணி’ என்றிருந்தது; மகிழ்ந்தேன். மடிக்கணினியில் இடம் இல்லை. அடுத்த பயணத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியின் அட்டையையும் அழித்துவிட்டேன். இந்தப் பிழை முழுக்க என்னுடையது.

ஏழாம் வாரம் தட்டு கிளிக், கிளிக் என்றது. பிறகு அதுவும் நின்றது.

தரவு மீட்பகத்தில் 22,000 ரூபாய் கொடுத்தேன். உள்ளே இருந்தது கண்காணிப்புக் கேமராக்களுக்கென்று செய்யப்படும் வகைத் தட்டு. உட்பதிவேட்டின்படி 38,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. என் கோப்புகளில் 11 மணி நேரம் மீண்டது. அவற்றோடு நான் கேளாத ஒன்றும் வந்தது: ஏதோ ஒரு கிடங்கின் வாயில், 2018இன் தேதி முத்திரையோடு, துண்டு துண்டாக. ஒரு காவலர் நாற்காலியை நிழலுக்கு நகர்த்துகிறார், மீண்டும் நகர்த்துகிறார்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய இரு ஆய்வாளர்கள் பழைய வன்தட்டுகள் 158 வாங்கிச் சோதித்து 2003இல் வெளியிட்ட கட்டுரை துறையில் புகழ்பெற்றது. இயங்கிய 129 தட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை பன்னிரண்டே. மற்றவற்றில் கடன் அட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும் கிடந்தன. எனவே பழைய தட்டை விற்பவரும் ஆபத்தில்தான் இருக்கிறார்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. நான் வாழும் நகரத்தில் பண்டார்கர் நிறுவனம் மகாபாரதத்தின் செம்பதிப்புக்காக 1919 முதல் 1966 வரை உழைத்தது. 1,259 கைப்பிரதிகள், எது எங்கிருந்து வந்தது, எந்த லிபியில், எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று குறியீடு இட்டு வைத்தார்கள். டெக்கான் கல்லூரியின் சமஸ்கிருத அகராதித் திட்டத்தில் 1948 முதல் சேர்ந்த தாள்சீட்டுகள் ஏறத்தாழ ஒரு கோடி. மேற்கோள் எந்த நூலினது என்று சீட்டுதோறும் எழுதியிருக்கும். நம் உ.வே.சாமிநாதையர், தாம் பதிப்பித்த பழைய நூல்களின் முகவுரைகளில் ஏட்டுப் பிரதி கொடுத்தவர்களின் ஊரையும் பேரையும் வரிசையாக எழுதிவைத்தார். மூலம் தெரியாத ஏட்டின் பாடத்தை நம்பாதே என்பது எனக்கு முதுகலையில் கற்பிக்கப்பட்ட முதல் பாடம். ஏட்டுக்குப் பொருந்திய அந்த விதி, ஏடு வைக்கும் பெட்டிக்கும் பொருந்தும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

அந்த மூதாட்டி 2023இல் காலமானார். மீண்ட 11 மணி நேரத்தில் சமையல் குறிப்புகளும் உறவுமுறைப் பெயர்களும் இருக்கின்றன. தாலாட்டு ஒன்று மூன்றாம் அடியில் நின்றுவிடுகிறது. அவர் மகளுக்கு அது முழுதும் தெரியாது, கேட்டுவிட்டேன்.

மாணவ நண்பருக்கு இதையெல்லாம் நேற்று தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் 1 டிபி போதும் அக்கா, கம்பெனியினுடையதே இரண்டு வாங்கிக்கொள்கிறேன்” என்றார். ஒன்று விடுதியில், இன்னொன்று ஊரில் அவர் அம்மாவிடம். வரும் சனிக்கிழமை அவரோடு தாப்கீர் கல்லிக்குப் போகிறேன். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் உத்தரவாதத்தோடு ஒத்துப்பார்த்து, பற்றுச்சீட்டில் அந்த எண்ணை எழுதி வாங்க வேண்டும். கடைக்காரர் சலித்துக்கொள்வார். அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.