ஓமந்தூராரின் அக்டோபர் 2

திண்டிவனத்தில் பஸ் ஏறி புதுச்சேரி ரோட்டில் போனால், வழியில் ஓமந்தூர் வரும். பெரிய ஊரெல்லாம் கிடையாது. ஆனால், சென்னை மாகாணத்தையே ஆள ஒரு மனிதரை அனுப்பிவைத்த ஊர். ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சில் மாகாணப் பிரதமர் ஆனார். (அப்போதெல்லாம் முதலமைச்சரை அப்படித்தான் அழைப்பார்கள்.) நாற்காலியில் இருந்தது இரண்டே வருடம். தேவதாசி ஒழிப்பு, ஆலய நுழைவு, ஜமீன் ஒழிப்பு என்று வரிசையாகச் சட்டங்கள். சிபாரிசுக்கு வருகிறவர்களிடம் ஏகக் கறார். சொந்தக் கட்சிக்காரர்களுக்கே பொறுக்கவில்லை, 1949 ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனிதர் அலட்டிக்கொள்ளாமல் வடலூருக்குப் போய், வள்ளலார் வழியில் பள்ளிக்கூடம் நடத்தப் போய்விட்டார்.

நமக்கு வேண்டியது அவருடைய இன்னொரு காரியம். 1948 அக்டோபர் 2. காந்தி சுடப்பட்ட பிறகு வந்த முதல் காந்தி ஜெயந்தி. அன்றிலிருந்து மாகாணம் முழுக்க மதுவிலக்கு.

விதை போட்டது ராஜாஜி. 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் கள், சாராயக் கடைகளை மூடினார். கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். (இன்றைக்கு நீங்கள் பில்லில் பார்க்கும் வரிக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி.) உலகப் போர் வந்தது, காங்கிரஸ் ஆட்சி போனது, கடைகள் மறுபடி திறந்துகொண்டன. அதை மொத்தமாக இழுத்து மூடியவர் ஓமந்தூரார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருடைய சொந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இந்தியாவே முடிந்துவிடும்! புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். அங்கே மதுவிலக்காவது ஒன்றாவது. திண்டிவனத்திலிருந்தும் சரி, விழுப்புரத்திலிருந்தும் சரி, நாற்பது கிலோமீட்டருக்குள் தாராளமாகப் பாட்டில் கிடைக்கும். விழுப்புரத்திலிருந்து 1879-லேயே ரயில் வேறு போட்டுவைத்திருந்தார்கள். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பினார்கள். சரக்கு கிளம்பவில்லை. மாகாணத்தில் வேறு எந்த ஊர்க்காரரைவிடவும், அடுத்த தெருவில் கடை இருக்கும்போது நம் தெருவை மட்டும் பூட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத்தான் தெரியும்.

பிற்பாடு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1971-ல் மதுவிலக்கு ஒத்திவைப்பு. 1974-ல் மறுபடி பூட்டு. 1981-ல் மறுபடி திறப்பு. 1983-ல் டாஸ்மாக். 2003-லிருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது.

திறந்தவர்களும் சரி, பூட்டியவர்களும் சரி, எல்லோருக்கும் கண் ஒரே ஆள்மேல்தான். குடிக்கிற ஆண். கடையைப் பூட்டினால் அவன் கூலியோடு வீடு திரும்புவான், பிள்ளைக்குச் சோறு கிடைக்கும். கணக்கு அவ்வளவுதான். அந்தப் பிள்ளை வளர்ந்து நாளைக்கு அதே கடை வாசலில் நிற்குமா, நிற்காதா என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

பிள்ளைக்கென்று தனியாக ஒரு கணக்கு பின்னால்தான் வந்தது. அதுவும் ஓர் அக்டோபர் 2! 1975-ல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடி என்ற சொல் நம் வாயில் நுழைந்தது அதற்கப்புறம்தான். 1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாட்டுக்கென்றே ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஏற்பாடு. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை மாதாமாதம் தராசில் போடுவார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. அட்டையில் கோடு கீழே இறங்கினால் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வேலையைச் செய்ததும் அதே ஊர்ப் பெண்தான். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் ராத்திரி அடிதடி என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் எடை அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் வேறு மாதிரி யோசித்துக்கொண்டிருந்தார். டேவிட் ஓல்ட்ஸ். படிப்பு முடித்த கையோடு பால்டிமோரில் ஏழைக் குழந்தைகளின் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே நாலு வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோதே, 'நாம் ரொம்ப லேட்டாக வந்துவிட்டோம்' என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இன்னும் முன்னால் போக வேண்டும். எவ்வளவு முன்னால்? பிள்ளை பிறப்பதற்கும் முன்னால்.

1978-ல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற நொடித்துப்போன சிறுநகரத்தில் ஆரம்பித்தார். தலைச்சன் பிள்ளைக்காகக் காத்திருந்த 400 பெண்கள். ஒரு பகுதியினரின் வீட்டுக்கு மட்டும் நர்ஸ் போவார். கர்ப்ப காலத்தில் சராசரியாக 9 தடவை, பிறந்து இரண்டு வயதாகும்வரை 23 தடவை. ஊசி, மாத்திரை எதுவும் இல்லை. பேச்சுதான். சிகரெட்டை எப்படி விடுவது, குழந்தை எதற்கு அழுகிறது, அடுத்த பிள்ளை எப்போது, நீ என்ன வேலைக்குப் போகப்போகிறாய்... பக்கத்தில் பாட்டி இருந்தால் அவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். நம் ஊரில் தாய்மாமன் மனைவியும் எதிர்வீட்டு ஆயாவும் சம்பளமில்லாமல் செய்த வேலை, கிட்டத்தட்ட.

பிள்ளைகளுக்கு 15 வயதானபோது போய்ப் பார்த்தார்கள். 1998-ல் முடிவு வெளிவந்தது. மணமாகாத, ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளிடம்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. நர்ஸ் போன வீட்டுப் பிள்ளைகள் போலீஸில் சிக்கியது குறைவு. புகைத்த சிகரெட் குறைவு. குடித்த நாட்களும் குறைவு. அந்த நர்ஸ்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தைகூட 'குடிக்காதே' என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? இரண்டு வயதில்தான் வருகை முடிந்துவிட்டதே!

காரணத்தின் ஒரு பாதி அதே 1998-ல் வேறு இடத்திலிருந்து கிடைத்தது. கலிபோர்னியாவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 9,508 பெரியவர்களிடம் சின்ன வயதைப் பற்றிக் கேட்டார்கள். அடி வாங்கினாயா, அம்மா அடி வாங்கியதைப் பார்த்தாயா, வீட்டில் குடிகாரர் இருந்தாரா. இப்படி நாலு வகைத் துன்பமோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்ற ஆபத்துகள் 4 முதல் 12 மடங்கு.

உடனே எல்லா ஊருக்கும் நர்ஸ்களை அனுப்பு என்று கிளம்பிவிட முடியாது. இங்கிலாந்தில் இதே திட்டத்தைப் பரிசோதித்து 2016-ல் வெளியான முடிவில், முதல் இரண்டு வருடங்களில் எதிர்பார்த்த பலன் எதுவும் தெரியவில்லை. அங்கே ஏற்கெனவே இலவச மருத்துவமும் வீடு தேடி வரும் செவிலியரும் உண்டு. ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்போல. ஜமைக்கா அதற்கு உதாரணம். 1980-களின் மத்தியில் கிங்ஸ்டன் நகரத்துச் சேரிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். அவர்களில் பாதிப் பேர் வீட்டுக்கு, சாதாரண சுகாதார ஊழியப் பெண்கள் வாரம் ஒரு மணி நேரம் போய், குப்பைப் பொருள்களில் செய்த பொம்மைகளை வைத்து அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து விளையாட வைத்தார்கள். இரண்டே வருடம். 22 வயதில் அந்தப் பிள்ளைகளின் சம்பளம் சுமார் 25 சதவிகிதம் அதிகம். அடிதடி குறைவு. இதற்கு அமெரிக்க நர்ஸ் தேவைப்படவில்லை பாருங்கள்.

நம் பக்கம் குடியைக் குடும்பத்தின் நோயாக முதலில் பார்த்தவர்களில் சாந்தி ரங்கநாதன் ஒருவர். குடியால் கணவரை இழந்தவர். 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். குடிப்பவருக்குச் சிகிச்சை என்றால், வீட்டாருக்கும் தனி வகுப்பு. பிறகு மஞ்சக்குடி மாதிரி கிராமங்களில் 15 நாள் முகாம்கள். ஆனாலும் ஒரு மருத்துவமனையின் வாசலுக்கு வருவது குடித்து முடித்த வீடுதான்.

2023 மே மாதம், ஓமந்தூரிலிருந்து ரொம்ப தூரமில்லாத மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவக் குடும்பங்களில் சாவு விழுந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அடுத்த வருடம் ஜூனில், 2019 வரை விழுப்புரம் மாவட்டமாக இருந்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரம். அறுபதுக்கும் மேல். சில வீடுகளில் அப்பா, அம்மா இரண்டு பேருமே போய்விட்டார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், வங்கியில் 5 லட்சம் டெபாசிட் என்று அரசு அறிவித்தது. நல்ல காரியம்.

அந்த டெபாசிட் 18 வயது முடிந்த பிறகு வட்டியோடு கிடைக்கும். 2024-ல் அப்படியொரு கைக்குழந்தை அங்கே இருந்திருந்தால் 2042. அதுவரை மாதாமாதம் பணம் கணக்கில் ஏறும். பாட்டியோ சித்தியோ வளர்க்கிற அந்த வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் போய் உட்கார, பொறுப்பாக யாரும் குறிக்கப்படவில்லை. அங்கன்வாடி பக்கத்திலேயே இருக்கிறது.