வாயிலில் நிற்கும் காவல்

1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார், ஒரு கணினி மொழியின் முதல் வடிவைப் பத்தே நாட்களில் ஆக்கி முடித்தார். பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் எனப் பெயர்பெற்ற அம்மொழி, இணையப் பக்கங்களுக்குச் சிறிது உயிரூட்டும் பொருட்டே பிறந்தது. அவசரத்திற் பிறந்த பிள்ளைக்குச் சில விசித்திரக் குணங்கள் அமைந்துவிட்டன. எழுத்தாக வந்த 30 என்பதனோடு 1ஐக் கூட்டுமாறு பணித்தால், அது 31 என்னாது. இரண்டையும் ஒட்டவைத்து 301 என்று விடை பகரும். பிழையென முறையிடுவதும் இல்லை.

2009 நவம்பரில், பேர்லின் நகரில் நிகழ்ந்த மாநாடொன்றில், ரயன் டால் என்னும் இளைஞர் நோட் என்ற கருவியை அறிமுகஞ் செய்தார். சேவையகங்களில் இம்மொழி பெருவழக்குப் பெற்றது அதன் பின்னரே. பணக் கணக்கும் பதிவேடும் கையாளப்படும் அவ்விடத்தில் 301 என்பது நகைப்புக்குரிய செய்தியன்று.

இக்குறையைக் களையவே 2012 அக்டோபரில் மைக்ரோசொப்ட் நிறுவனம் டைப்ஸ்கிரிப்ட் மொழியை வெளியிட்டது. அதனை வகுத்தோருள் முதன்மையானவர், டேர்போ பஸ்கால், சி ஷார்ப் ஆகியவற்றால் முன்னரே புகழெய்திய டென்மார்க்கு நாட்டவர் அன்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். இது எண், இது எழுத்து என வகை குறித்து எழுதினால், நிரல் ஓடுமுன்னரே பிழை புலப்படும். ஆயின் ஏற்கெனவே புழக்கத்திலிருந்த உதவி நூலகங்களுக்கு அத்தகைய வகைக் குறிப்பு ஏது? அக்குறையை நிறைவு செய்தோர் பெரும்பாலும் தன்னார்வலர். அதே ஆண்டில் தொடங்கிய டெஃபினிட்லி டைப்ட் என்னும் பொதுத் திரட்டில், பிறர் ஆக்கிய நூலகங்களுக்கு அவர்கள் விளக்கக் குறிப்பு எழுதிக் குவித்தனர். ஊதியமும் புகழும் அருகிய உழைப்பு அது. டைப்ஸ்கிரிப்ட் வேரூன்றியதில் அதன் பங்கு சிறிதன்று.

எனினும் ஓர் ஓட்டை எஞ்சியது. நிரல் ஓடத் தொடங்குமுன் வகைக் குறிப்புகள் யாவும் அழிக்கப்படுகின்றன. இது கவனக்குறைவன்று. பழைய ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் இடமெங்கும் புதிய நிரலும் ஓடவேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்துகொண்ட ஏற்பாடு. அதன் விளைவு யாது? வயது என்பது எண் என நிரலாளர் எழுதிவைப்பார். மொழியும் அதனை நம்பும். வெளியிலிருந்து ஒருவர் அனுப்பும் படிவத்திலோ வயது எழுத்தாக வந்து சேரும். தடுக்க எவருமிலர். மீண்டும் 301!

ஆதலின் வாயிலிலேயே வந்த தரவைச் சோதிக்கும் வழக்கம் தோன்றியது. தொடக்கத்தில் வகையை ஓரிடத்திலும் சோதனையைப் பிறிதோரிடத்திலும் எழுதினர். ஒன்றைத் திருத்தியவர் மற்றையதை மறந்துவிடுவது அடிக்கடி நேர்ந்தது. ஐஓ-டிஎஸ் என்னும் நூலகமும், 2020இல் வெளிவந்த சொட் என்னும் நூலகமும் இவ்விரட்டை வேலையை ஒழித்தன. தரவின் வடிவத்தை ஒருமுறை விவரித்தாற் போதும். ஓடும்வேளைச் சோதனையாகவும் அது நின்றுதவும், எழுதும்வேளை வகையும் அதிலிருந்தே பிறக்கும்.

2025 ஜனவரியில் வெளியான நோட் 23.6 பதிப்பு, டைப்ஸ்கிரிப்ட் நிரல்களை இடைத்தரகரின்றி நேரே ஓட்டத் தொடங்கியது. ஆங்கும் வகைக் குறிப்புகள் நீக்கப்படுகின்றனவேயன்றிச் சோதிக்கப்படுவதில்லை.