அச்சத்தையும் நோயாகக் கண்ட பல்க் அறிஞர்

காரணம் ஏதுமின்றி நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இதோ உயிர் பிரியப்போகிறது என்று நடுங்குபவரைப் பார்த்து "ஈமான் பலவீனம்" என்று சொல்லிவிடுவது நம் குடும்பங்களில் எளிதாக நடக்கிறது. கண்ணேறு என்பார் ஒருவர். ஜின் என்பார் மற்றொருவர். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பலர் தம் துன்பத்தை ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழ்கின்றனர். நம் முன்னோரின் நூல்களோ வேறு விதமாகப் பேசுகின்றன.

அபூ ஸைத் அல்பல்கீ, இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் ஏறத்தாழ கி.பி. 850இல் பிறந்தவர். இராக் சென்று கல்வி பயின்றார். புவியியல் வரலாற்றில் நிலப்பட மரபு ஒன்றே அவர் பெயரால் வழங்குகிறது. 934இல் மறைந்த அவர் எழுதிய 'மஸாலிஹுல் அப்தான் வல்அன்ஃபுஸ்' என்னும் நூலின் முற்பகுதி உடல் நலம் பற்றியது. பிற்பகுதி நஃப்ஸின் நலம் பற்றியது. உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்திற்கும் வரும், ஒன்றின் நோய் மற்றொன்றைத் தாக்கும் என்பது அவரது அடிப்படை. கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகிய நான்கிற்கும் தனித்தனி அத்தியாயங்கள் வகுத்தார். இந்தப் பாகுபாட்டையே நாம் பெரிதாக மதிக்கிறோம். ஏனெனில் எல்லாவற்றையும் ஒரே பெயரிட்டு அழைத்தால் சிகிச்சையும் ஒன்றாகவே போய்விடும்.

அச்சத்திற்கு அவர் கூறிய மருந்து அறிவும் பழக்கமும். மூடுபனியை முதன்முறை காணும் பாலைவனவாசி அதை ஊடுருவ முடியாத பொருளென மருள்கிறான். உள்ளே நுழைந்ததும் அது வெறும் ஈரக்காற்று என அறிகிறான். அஞ்சுவதைக் கண்ணும் காதும் மீண்டும் மீண்டும் சந்திக்கச் செய்தால் அச்சம் தேயும் என்றார். வீட்டில் மருந்தைச் சேமித்து வைப்பதுபோல், மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கவும் சொன்னார். காரணம் புலப்படாத துயரம் உடலிலிருந்து எழுவது என்று கருதி, அதற்கு உடல் மருத்துவத்தைப் பரிந்துரைத்தார்.

இந்நூலின் கையெழுத்துப் படி இஸ்தான்புல்லில் இருந்தது. ஃபுஆத் செஸ்கின் அதன் நகற்பதிப்பை 1984இல் வெளியிட்டார்.

மேற்கில் 1871இல் டா கோஸ்டா என்னும் அமெரிக்க மருத்துவர், போர்வீரர்களிடம் கண்ட படபடப்பை இதயக் கோளாறாகவே பதிவு செய்தார். 1959 வாக்கில் நியூயார்க்கில் டொனால்ட் கிளைன் இமிப்ரமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்கள் சென்றும் பயனில்லை என்றே நோயாளிகள் கூறினர். ஆனால் "சாகப்போகிறேன்" என்று தாதியரிடம் ஓடிவருவது நின்றிருந்தது. அதைக் கவனித்தவர்கள் தாதியரே! 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 'பேனிக் டிஸார்டர்' எனத் தனி நோயாக இதை ஏற்றது.

இன்று மருத்துவர் முதலில் இதயத்தையும் தைராய்டையும் சோதித்து அவற்றில் குறையில்லை என உறுதிசெய்கிறார். எதிர்பாராத தாக்குதல்கள் மீண்டும் வருகின்றனவா, அடுத்தது எப்போது என்ற கவலை ஒரு மாதமேனும் நீடிக்கிறதா என்று கேட்கிறார். மருந்துண்டு, அறிதல் நடத்தைச் சிகிச்சையும் உண்டு. பேருந்தில் ஏற அஞ்சுபவரை, துணையோடு ஒரு நிறுத்தம், பின் இரண்டு, பின்பு தனியே என்று படிப்படியாக ஏறவைப்பது அச்சிகிச்சையின் ஒரு பகுதி.