நுங்கம்பாக்கத்து இருட்டு



நம் பெரம்பலூர் மெயின் ரோட்டில் எல்.இ.டி. விளம்பரத் திரை வந்த பிறகு பலர் ஜன்னலைச் சாத்தியே தூங்குகிறீர்கள். சென்னையின் பழைய கதை ஒன்று கேளுங்கள்.

நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வான் ஆய்வகம் இருந்தது. 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து 'ஏசியா' என்று பெயர் வைத்தார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத புள்ளி அது! ஊர் அவ்வளவு இருட்டு. பின்னாளில் பெரிய தொலைநோக்கிக்கு இருட்டைத் தேடி ஜவ்வாது மலைக்கே போக வேண்டியதாயிற்று. 1986-ல் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது.

விளம்பரப் பலகைகள் மீதான அரசின் சட்டத்தை 2008-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றதும் சென்னையில் பல ஹோர்டிங்குகள் இறங்கின. ஆனால் அவை வெறும் பலகைகள். மேலே விளக்குப் போட்டால்தான் தெரியும். இன்றைய திரை தானே எரிகிறது, நொடிக்கு நொடி நிறம் மாறுகிறது. கெட்டித் திரைச்சீலை போட்டாலும் சுவரில் ஆடுகிறது.

அரியலூர்ப் பக்கக் கிராமங்களில் மொட்டைமாடியில் படுத்தால் கார்த்திகைக் கூட்டம் இன்னும் தெரியும். நம் மாடியில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் திரையை அணைக்கக் கோரி நகராட்சிக்கு எழுதிய மனு செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள்.