வெனிலா ஐஸ்

அமெரிக்க ராப் பாடகர். இயற்பெயர் ராபர்ட் மாத்யூ வான் விங்கிள். டெக்ஸாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் 1967 அக்டோபர் 31-ல் பிறந்தார். 'ஐஸ் ஐஸ் பேபி' என்னும் ஒரே பாட்டினால் உலகப் பிரசித்தி பெற்று, அப்பிரசித்தி முதிர்வதற்குள்ளாகவே ஏளனத்துக்கும் ஆளானவர்.

டல்லஸிலும் புளோரிடாவின் மயாமிப் பகுதியிலுமாக வளர்ந்த இவருக்கு இளமையில் பேர் தேடித் தந்தது பாட்டன்று, தெருக்களில் ஆடும் பிரேக் டான்ஸ். டல்லஸில் சிட்டி லைட்ஸ் என்னும் இரவு விடுதியின் மேடையில் ஏறியபோது இவருடைய சாமர்த்தியத்தைக் கண்ட அவ்விடுதியின் உரிமையாளர் டாமி குவான் இவருக்கு நிர்வாகியானார். பழைய பாட்டொன்றின் மறுபதிப்பை முன்பக்கத்திலும் 'ஐஸ் ஐஸ் பேபி'யை மறுபக்கத்திலும் தாங்கி வந்த இசைத்தட்டை ஜார்ஜியா மாநிலத்து வானொலிக்காரர் ஒருவர் திருப்பிப் போட்டு ஒலிபரப்பியிராவிட்டால், இக்கட்டுரைக்கே அவசியம் நேர்ந்திராது.

1990 நவம்பரில் அப்பாட்டு பில்போர்டு பத்திரிகையின் பிரதான வரிசையில் முதலிடம் பெற்றது. ராப் பாடல் ஒன்று அந்த ஸ்தானத்தை அடைந்தது அதுவே முதல் தடவை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் இக்கலையைத் தோற்றுவித்து வளர்த்த கறுப்பினக் கலைஞர் எவருக்கும் அதுவரை வாய்க்காத கௌரவம் ஒரு வெள்ளை இளைஞருக்கு வாய்த்ததைக் கண்டு பலர் மனம் கசந்ததில் வியப்பில்லை. 'டு தி எக்ஸ்ட்ரீம்' என்னும் இவரது இசைத்தொகுப்பு 16 வாரங்கள் முதலிடத்தில் நின்று, அமெரிக்காவில் மட்டும் 70 இலட்சம் பிரதிகள் விற்றது.

பாட்டின் உயிர்நாடியான பேஸ் கிட்டார் சுரவரிசை, குவீன் குழுவினரும் டேவிட் போவியும் 1981-ல் வெளியிட்ட 'அண்டர் பிரஷர்' பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பழைய இசைத்தட்டின் ஒரு துண்டை எடுத்துத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு அதன்மேல் சொல்லடுக்குவது ராப் கலையின் சகஜமான முறையே. ஆகவே எடுத்தாண்டது குற்றமன்று, மூலகர்த்தாக்களின் பெயரை மறைத்ததே குற்றம். தம்முடையதில் ஒரு சுரம் கூடுதலாக இருப்பதால் இரண்டும் வேறு என்று தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் இவர் வாதித்ததும், அது வெறும் வேடிக்கை என்று பின்னர் விளக்கியதும், நகைப்பை வளர்த்தனவேயன்றிக் குறைக்கவில்லை. முடிவில் சமரசம் ஏற்பட்டு, குவீன் குழுவினரும் போவியும் பாட்டின் ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டனர்.

எனினும் இவரை வீழ்த்தியது இந்தச் சுரவரிசை விவகாரமன்று. பாடுபவர் தாம் வாழ்ந்த வாழ்வையே பாடவேண்டும் என்று எதிர்பார்க்கும் ரசிகர்களிடையே, மயாமியின் முரட்டுத் தெருக்களில் அடிபட்டு வளர்ந்தவர் என்று சித்திரிக்கும் ஜீவிய சரித்திரக் குறிப்பொன்று இவர் பெயரில் பரப்பப்பட்டது. டல்லஸ் நகர நாளிதழ் அதன் புனைவுகளை 1990-லேயே அம்பலப்படுத்தியது. இசைத்தட்டு நிறுவனத்தார் தம் சம்மதமின்றி வெளியிட்டது என்று இவர் கூறிய சமாதானம் எடுபடவில்லை. ஒரு சாதாரண டல்லஸ் இளைஞர் என்றே அறிமுகமாகியிருந்தால் இத்தனை ஏச்சு நேர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

1991-ல் கதாநாயகராக நடித்த 'கூல் ஆஸ் ஐஸ்' திரைப்படம் படுதோல்வியுற்றது. 1994-ல் வந்த 'மைண்ட் புளோயின்' தொகுப்பும் கவனிப்பாரற்றுப் போயிற்று. 1998-ல் 'ஹார்ட் டு ஸ்வாலோ' என்னும் தொகுப்பில் உரத்த மெட்டல் இசையின் பக்கம் திரும்பி, பெயர் தந்த பாட்டையே உருமாற்றிப் பாடினார். விமரிசகர்கள் பொருட்படுத்தாவிடினும், தம் கோபத்தைத் தாமே பாடியதாகத் தோன்றும் தொகுப்பு அதுவே.

பாட்டில் வந்த பணத்தில் வாங்கியிருந்த வீடுகளை விற்றபோது இலாபம் கண்ட இவர், பழைய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு விற்கும் தொழிலில் இறங்கினார். அத்தொழிலையே காட்டும் 'தி வெனிலா ஐஸ் புராஜெக்ட்' என்னும் தொலைக்காட்சித் தொடர் 2010-ல் தொடங்கிப் பல பருவங்கள் ஓடியது. 1990-களின் பாடகர்கள் கூடும் மேடைகளில் இவர் தொடர்ந்து பாடிவருகிறார். சபையோர் விரும்பிக் கேட்பதோ அந்த ஒரு பாட்டையே.